பதினோரு மீட்டர் ஒயர்

மார்ச் 8, சனி

இந்த ஹாலில் ஆம்ப்ளிஃபயருக்கு ஜன்னல் மூலையை விட்டால் வேறு இடமில்லை. இடது ஸ்பீக்கருக்கு மூன்று மீட்டர் ஒயர் போதும். வலதுக்கு பால்கனிக் கதவின் நிலையைச் சுற்றிப் போக வேண்டும். டேப் பிடித்தால் பதினோரு மீட்டர். ஸ்பீக்கரோடு வந்த அரை ஸ்கொயர் எம்எம் ஒயரையே நீட்டிக் கேட்டேன். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஓடியது. நடுவில் நிற்க வேண்டிய வி.எஸ். நரசிம்மனின் வயலின் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

கணக்குப் போட்டேன். அரை ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 39 ஓம். போக வர 22 மீட்டர் என்றால் 0.86 ஓம். என் ஸ்பீக்கர் 4 ஓம். ஒயரின் தடை ஸ்பீக்கர் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழக்கத்தில் உள்ள அளவு. இதுவோ 20-ஐயும் தாண்டுகிறது.

சத்தம் குறைவது மட்டும் என்றால் வால்யூமைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஆனால் ஸ்பீக்கரின் தடை எல்லா சுருதிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஓரிடத்தில் நாலு ஓம், இன்னோரிடத்தில் இருபது. தடை குறைந்த இடத்தில் ஒயர் அதிகம் விழுங்கும், கூடிய இடத்தில் கொஞ்சமாக விழுங்கும். அதனால் வாத்தியத்தின் குரலே மாறுகிறது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

இரண்டரை ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.18 ஓம். நாலு போட்டால் 0.11. நாலுதான்.

மார்ச் 11, செவ்வாய்

மைத்துனன் போன் செய்தான். “மாமா, ஆக்ஸிஜன் நீக்கின செம்பு வாங்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே நீளமா இருக்கணும்” என்றான். தன்னுடைய விலையுயர்ந்த மூன்று மீட்டர் கேபிளைத் தருவதாகவும் சொன்னான். ஆக்ஸிஜன் நீக்கிய செம்புக்கும் சாதாரண மின்செம்புக்கும் கடத்தும் திறனில் வித்தியாசம் ஒரு சதவீத அளவே. நீளம்? எட்டு மீட்டர் வித்தியாசத்தை மின்சாரம் சில பத்து நானோ விநாடியில் கடந்துவிடும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மயிரிழை தூரம்கூட நகராது. சமநீளத்துக்காக எட்டு மீட்டரைச் சுருட்டி மூலையில் போட மாட்டேன்.

மார்ச் 15, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு கடையில் கண்ணாடி உறைக்குள் தங்க நிறத்தில் மின்னும் ஸ்பீக்கர் ஒயர், விலையும் மலிவு. கையில் எடுத்தால் கனமே இல்லை. துண்டு வாங்கி இழையை பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! அலுமினியம் கடத்துவது செம்பில் அறுபது சதவீதம்தான். உறையில் அதைச் சொல்லாமல் விற்பது அநியாயம்.

அடுத்த சந்தில், வீட்டு வயரிங்குக்குப் போடும் ஐஎஸ் 694 முத்திரையுள்ள மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு, நாலு ஸ்கொயர் எம்எம், சிவப்பும் கறுப்பும் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டையும் முறுக்கியே இழுத்தேன். தள்ளித் தள்ளி ஓடவிட்டால் இண்டக்டன்ஸ் கூடி மேல்சுருதி மங்கும். ஆம்ப்ளிஃபயரில் மாட்டும் முன் ஒயர் முனையில் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டால், பாசிட்டிவ் சரியாக இருக்கையில் கூம்பு முன்னால் வரும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும்.

மாலையில் மைத்துனனே கேபிளோடு வந்தான். அது மூன்று மீட்டர்தான் என்பதால் இடது ஸ்பீக்கரில் மட்டும் சோதனை. மகள் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றி மாட்டினாள். எது எதுவென்று சொல்லவில்லை. அவனாலும் என்னாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நீளத்தில் பழைய அரை ஸ்கொயர் எம்எம்கூட எங்களிடம் பிடிபடவில்லை. பிறகு வலது பக்கம் பதினோரு மீட்டரில் பழையதையும் புதியதையும் மாற்றச் சொன்னோம். மாட்டிய உடனே இருவருக்கும் தெரிந்தது.

அவன் கேபிளை உறையில் போட்டுக்கொண்டே, தன் வீட்டு மாடி அறைக்கு ஒயர் பதினெட்டு மீட்டர் போகும், எத்தனை எம்எம் வேண்டும் என்று கேட்டான். ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.