ஒரு வீதிக்கு ஒரு பெயரா?



இது கணினிப் பாடம் பற்றிய பதிவு. ஆனாலும் நம் எல்லோருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தர வகுப்புக்குப் பைதன் படிப்பிக்கிறோம். சோடி சோடியாக உள்ள பட்டியலை டிக்‌ஷனரியாக மாற்றுவது அதில் ஒரு பாடம். ஒரு சாவி, அதற்கு ஒரு பெறுமதி. சாவியைக் கொடுத்தால் பெறுமதி உடனே கிடைக்கும், பட்டியல் முழுவதையும் தேட வேண்டியதில்லை. வழமையாகப் பழமும் விலையும்தான் உதாரணம். இந்த முறை பிள்ளைகளிடம், "1990 ஒக்டோபர் 30 இல் நம்மை வெளியேற்ற முதல் எந்த வீதியில் யார் யார் இருந்தார்கள் என்று வீட்டில் கேட்டு, வீதி, பெயர் எனச் சோடியாக எழுதி வாருங்கள்" என்றோம்.

மூத்தம்மாமார் சொல்லச் சொல்ல எழுதி வந்தார்கள். சோனகத் தெரு, ஆசாத் வீதி, முஸ்லிம் கல்லூரி வீதி, காதி அபூபக்கர் வீதி. மொத்தம் 43 சோடி. ஒரே வரியில் டிக்‌ஷனரியாக மாற்றினோம். எண்ணிப் பார்த்தால் 4!

பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. ஒரு பிள்ளை மட்டும், "சேர், எங்கட மூத்தவாப்பாவைக் காணல்லியே" என்றது.

காரணம் இதுதான். ஒரு சாவிக்கு ஒரு பெறுமதிதான் நிற்கும். அதே சாவி மறுபடி வந்தால் பழையது போய்ப் புதியது உட்காரும். வீதிக்குக் கடைசியாக எழுதிய ஒருவரே மிஞ்சினார். சரி, பெயரைச் சாவியாக்குவோம் என்று பார்த்தோம். 43, 38 ஆனது. நம்மவர்களில் ஒரே பெயரில் எத்தனை பேர்! இரும்புக்கடை, தையற்கடை என்று தொழிலைச் சேர்த்துத்தானே அந்தக் காலத்தில் ஆளைப் பிரித்துச் சொன்னார்கள்.

பிறகு திருத்தினோம். முதலில் வெறும் டிக்‌ஷனரி. ஒவ்வொரு சோடியாக எடுத்து, அந்த வீதி இன்னும் இல்லையென்றால் அதற்கு ஒரு வெற்றுப் பட்டியல் வைத்து, அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டே போனோம். சாவி 4, பெயர்கள் 43. மூத்தவாப்பாவும் வந்துவிட்டார். மாற்ற முதலும் மாற்றிய பிறகும் எண்ணிப் பாருங்கள் என்பதே அன்றைய பாடம்.

நாங்கள் புத்தளத்தில் பிறந்து, பிறகு ஊர் திரும்பிய தலைமுறை. 1990 இல் வாப்பாவும் சாச்சாமாரும் ஒரே வீடு. திரும்பும்போது நாலு குடும்பம். ஓர் அலுவலகத்தில், "இந்த விலாசத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கு" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். கணினி கடைசிப் பெயரை மட்டும் வைத்தது, அங்கே முதற்பெயரை மட்டும். இரண்டிலும் மற்றவர்கள் இல்லை. கணினியின் பிழையை ஒரு பிள்ளை பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தது. நம் படிவத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த 43 சோடியைச் சொன்னவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கிழமையே கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மட்டும் போதாது. வாப்பாவின் பெயர், வீதி, தொழில், பட்டப்பெயர் எல்லாம் சேருங்கள். எங்களுக்கு அனுப்பினால் பிள்ளைகள் பதிவார்கள், இன்ஷா அல்லாஹ்.

ஒருவரையும் விடாமல்.