மூன்று நிமிடத்தில் ஓர் ஊர்

போலந்தின் தலைநகராகிய வார்சோவுக்கு வடக்கே, ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவில் நாஷெல்ஸ்க் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே நாம் புகைவண்டியேறிச் செல்லவில்லை. மூன்று நிமிடமே ஓடும் பழைய சலனப்படமொன்றின் வழியாகச் சென்று வந்தோம்.

1938ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்த டேவிட் குர்ட்ஸ் என்பவர், ஐரோப்பியச் சுற்றுலாவினிடையே தாம் பிறந்த அவ்வூரையும் எட்டிப் பார்த்தார். அந்நாளில் அங்கே ஏறத்தாழ 3,000 யூதர் வாழ்ந்தனர். அவர் கையிலிருந்த கமராவைக் கண்டதும் சிறுவர் கூட்டம் மொய்த்துக்கொண்டது. ஒருவரையொருவர் நெருக்குகின்றனர், பின்னால் நின்றவர் எம்பிக் குதிக்கின்றனர், ஓரத்தில் மறைந்த முகம் மறுகணம் நடுவில் வந்து சிரிக்கின்றது. ஊரைப் படம்பிடிக்க வந்தவருக்கு இஃது இடையூறாகவே இருந்திருக்கும். நமக்கோ அந்த இடையூறே பெருநிதி.

ஏனெனில், 1939 டிசம்பர் 3ஆம் நாள், ஜேர்மானியர் அவ்வூர் யூதரை வீடுகளினின்றும் துரத்திப் புகைவண்டிகளில் ஏற்றினர். போர் முடியும்வரை உயிர் தப்பியோர் 100 பேருக்கும் குறைவு.

படச்சுருளைப் பேரராகிய கிளென் குர்ட்ஸ் 2009இல் புளோரிடாவிலுள்ள தம் பெற்றோர் வீட்டிற் கண்டெடுத்தார். சுருங்கி இறுகிக் கிடந்த அதனை, வாஷிங்டனிலுள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்தார் செப்பனிடுவித்தனர். அதிலே ஏறக்குறைய 150 முகங்கள். பெயர்க்குறிப்பு ஒன்றேனும் இல்லை.

இணையத்தில் அப்படத்தைக் கண்ட அமெரிக்கப் பெண்ணொருத்தி, 13 வயதுச் சிறுவனொருவனின் முகத்திலே தன் பாட்டனாரை இனங்கண்டாள். அவர் உயிரோடிருந்தார்! எண்பதைக் கடந்த அம்முதியவர் தம் தோழர் சிலரைப் பெயர் சொல்லிக் காட்டினார். எவ்வகைத் தொப்பியை எவ்வகைப் பிள்ளைகள் அணிவர் என்பதையும் விளக்கினார்.

நம் மனத்தை விட்டகலாதது ஒரு பலசரக்குக் கடை. வாசலின் மேலே பெயர்ப்பலகை. எழுத்துகளோ மங்கிக் கலங்கியவை. போலந்து மொழி வல்ல ஆய்வாளர் ஒருவர் அவற்றை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்து, கடைக்குரியவரின் பெயரை மீட்டெடுத்தார். அம்மொழியிற் குடும்பப் பெயர் பலவற்றின் ஈறு ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று. இப்பெயரின் ஈறு பெண்பாலுக்குரியது. ஆகவே அக்கடையை நடத்தியவள் ஒரு பெண் என்பது தெளிவாயிற்று. விகுதிப் பாடம் என்றாலே கொட்டாவி விடும் நம் மாணாக்கருக்கு இந்தப் பலகையைக் காட்ட எண்ணியுள்ளோம்.