எனக்குக் கேட்காத தட்டல்

போன வருடம் வைகாசியில் என் பேரனுடைய காரின் எஞ்சின் உடைந்தது. அதில் என் பங்கும் உண்டு. என் வயதுக்காரர்கள் யாருக்காவது பயன்படட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

பேரனுக்கு இருபத்தாறு வயது. கடன் போட்டு வாங்கிய கார். மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அதில் டர்போ. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அதுதான் டர்போ. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், இழுவையும் கூடும். கம்பெனி கொடுத்த இழுவை அவனுக்குப் போதவில்லை. லேப்டாப்பை மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றுகிற வேலையில் இறங்கிவிட்டான். அதற்கு ட்யூனிங் என்று பெயர்.

"இதுல ஒரே பயம் நாக்கிங்தான் தாத்தா" என்றான்.

அது என்ன என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு மூலையில் பிடித்து, ஒழுங்காகப் பரவிப் போக வேண்டும். காற்றை மிஞ்சி அமுக்கினாலும், பொறியை முந்தி விட்டாலும், உள்ளே சூடும் அழுத்தமும் ஏறி, தீ போய்ச் சேருமுன்பே கடைசி மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அந்த அதிர்வு சிலிண்டர் சுவரில் மோதுகிற சத்தம்தான் தட்டல். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் போய்விடும். இதை அடக்கத்தான் அந்தக் காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்ட வழி அது. ஈயம் மனிதனுக்கு விஷம் என்பதால் நம் நாட்டில் 2000 பிப்ரவரியில் அந்தப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தினார்கள்.

நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்தத் தட்டலுக்கு 'க்ளிக்தி' என்று பெயர். கத்தியும் கத்தியும் உரசுகிற சத்தத்துக்கும் அதே சொல்தான். இதைப் பேரனிடம் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

காது விஷயத்தில் எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அப்பா மரக்காணம் உப்பளத்தில் கணக்குப் பிள்ளை. பள்ளி விடுமுறை என்றால் நான் அங்கேதான். பாத்திக்குத் தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சின் ஓடும். அதைப் பார்த்துக்கொண்ட பெரியவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, "பேரிங் பேசுது" என்பார். எனக்கும் கற்றுக்கொடுத்தார். பிறகு முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாகக் கோப்பு புரட்டினேனே தவிர, எங்கள் தெருவில் மோட்டார் ரிப்பேர் என்றால் "அவர் காது வைத்துச் சொல்லட்டும்" என்பார்கள். அந்தப் பேச்சு பேரன் வரைக்கும் போயிருந்தது.

இந்தக் காலத்தில் கேட்கிற வேலையை எஞ்சினே செய்துகொள்கிறது. அதன் உடம்பில் ஒரு சென்சாரைத் திருகி வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் சில்லு அதிர்ந்தால் மின்சாரம் சுரக்கும். 1880-ல் பாரீசில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற அண்ணன் தம்பி கண்டுபிடித்த குணம் அது. 1982-ல் ஸ்வீடனின் சாப் கம்பெனி தன் டர்போ காரில், தட்டல் கேட்டவுடன் காற்றழுத்தத்தைக் குறைக்கும்படி செய்தது. இப்போதைய கார்கள் பொறியையும் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும்.

பேரனுடைய லேப்டாப்பில் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் பொறி மூன்று நான்கு டிகிரி பின்னே போவதாகக் காட்டியது. அது உண்மையான தட்டலா, வேறு ஏதாவது இரும்பு ஆடுகிற சத்தத்தைச் சென்சார் தப்பாக எடுத்துக்கொள்கிறதா என்பது அவன் சந்தேகம். பொய்த் தட்டல் என்று ஒன்று உண்டாம்.

அதற்கு அவன் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி, துளை போட்டு, எஞ்சினில் போல்ட் வைத்து முடுக்கினான். குழாயின் மறுமுனையில் ரப்பர் டியூப். அதை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டு வந்து, தொழிற்சாலையில் காதுக்கு மாட்டுகிற மூடியில் சொருகினான். பழைய ஸ்க்ரூ டிரைவரேதான், கொஞ்சம் நீளம்! இன்னொரு மூடிக்குள் போனை வைத்து ஒலிப்பதிவும் போட்டான்.

ஒரு ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போனோம். உப்பளங்கள் தாண்டிய நேர் சாலையில் ஆள் இல்லை. மூன்றாவது கியரில், இரண்டாயிரம் சுற்றிலிருந்து முழு மிதி. அவன் ஓட்ட, நான் மூடியை மாட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டு முறை போய் வந்தோம்.

"என்ன தாத்தா, தகர டப்பால கோலி குலுக்குற மாதிரி ஏதாவது?"

"ஒண்ணும் இல்லடா. வண்டி சுத்தமா இருக்கு."

அவன் என்னை நம்பினான். அந்த சிலிண்டருக்குச் சென்சாரின் கூர்மையைக் குறைத்து, பொறியை முன்னுக்கே வைத்துவிட்டான்.

மூன்றாவது வாரம் திண்டிவனம் சாலையில் வண்டி உதற ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. தலைப்பக்க ஓரம் கரையான் அரித்ததுபோல் குழி குழியாக இருந்தது. இது தட்டலின் கையெழுத்து என்றார் மெக்கானிக்.

அன்று இரவு பேரன் போனில் இருந்த பதிவைத் தேடி எடுத்தான். என் பேச்சை நம்பி அதுவரை அவன் அதைக் கேட்கவே இல்லை. கூடத்தில் வைத்துப் போட்டான். எனக்கு எஞ்சின் ஓடுகிற 'ம்ம்ம்' மட்டும் கேட்டது. பத்து வயதுப் பேத்தி, "தட்டுல மணல் கொட்டுற மாதிரி என்னமோ கேக்குதே!" என்றாள். பேரன் என்னைப் பார்த்தான், பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வாரமே காது பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கோடு ஆயிரம், இரண்டாயிரம் வரை சமமாக வந்து, நான்காயிரத்தில் சரிந்து, எட்டாயிரத்தில் கீழே கிடந்தது. வயதானால் மேல் ஸ்தாயிதான் முதலில் போகுமாம். எஞ்சின் தட்டல் சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்து நொடிக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அதிர்வு. எனக்கு எது போய்விட்டதோ, அதையே கேட்கச் சொல்லி என்னை உட்கார வைத்திருக்கிறான். தாழ்ந்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்பதால், காது போனது எனக்கே தெரியவில்லை.

வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. "ஆறு வருஷமா சொல்றேங்க" என்றாள் மனைவி. டி.வி. சத்தம் அதிகம் என்றாள்; நான் அவளுக்குத் தலைவலி என்று நினைத்தேன். "சீப்பு எங்க" என்றால் "தோப்பு எங்க" என்று எனக்குக் கேட்கும். அவள் வாய்க்குள் பேசுகிறாள் என்பேன். 'ச' போன்ற எழுத்துகளின் சத்தமும் மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறதாம். அவள் ஆறு வருடமாகச் சொன்னதை நான் பொய்த் தட்டல் என்றே ஒதுக்கியிருக்கிறேன்.

உப்பளத்தில் பாத்தித் தண்ணீரை யாரும் நாக்கில் வைத்துப் பதம் பார்ப்பதில்லை. டிகிரிக் குழாயை மிதக்க விடுவார்கள். போமே என்ற பிரெஞ்சுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த அளவு. கடல் தண்ணீர் மூன்று டிகிரி. இருபத்தைந்தில் உப்பு பூக்கும். முப்பதை நெருங்கினால் கசப்பு இறங்கும், மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். "நாக்கு நேத்து தின்னதையும் சேத்துச் சொல்லும், குழாய் சொல்லாது" என்பார் அப்பா. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். சென்சார் மூன்று டிகிரி என்று காட்டியபோது என் காதுதான் பெரிது என்றேன்.

பிஸ்டன் செலவில் பாதியை என் பென்ஷனிலிருந்து கொடுத்தேன். முதலில் மறுத்தான், பிறகு வாங்கிக்கொண்டான். இப்போது டர்போ அழுத்தத்தைக் குறைத்து, ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடுகிறான். எனக்குக் காதுக் கருவி வந்துவிட்டது. முதல் நாள் செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தமே இரைச்சலாக இருந்தது.

போன மாதம் மறுபடி அதே சாலை. காது மூடியை அவன் நண்பன் மாட்டிக்கொண்டான். எனக்கு வேலை இல்லை என்று பின் சீட்டில் உட்கார்ந்தேன். பேரன் லேப்டாப்பை என் மடியில் வைத்து, "மூணாவது சிலிண்டர்ல என்ன நம்பர் வருதுன்னு படிச்சுச் சொல்லுங்க தாத்தா" என்றான்.

எண்ணைப் பார்த்து உள்ளது உள்ளபடி சொல்வதுதானே குமாஸ்தா வேலை. "சைபர்... சைபர்... சைபர்" என்று மரக்காணம் வரும்வரை படித்துக்கொண்டே வந்தேன்.