தேய்மானத்தின் ஓசை

டுகாட்டியின் உலர் கிளட்ச் எழுப்பும் கலகலப்பை இசை என்று போற்றுவோர் பலர். தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோன்ற அந்த ஓசைக்காகவே மூடியைக் கழற்றிவிட்டு, சுழலும் தட்டுகளை ஊர் பார்க்க ஓட்டுகிறார்கள். உராய்வியலில் ஆய்வு செய்பவன் நான். பெங்களூரு நண்பர் ஒருவர் தம் விருப்பப்படி மாற்றியமைத்துக்கொண்ட மான்ஸ்டர் 1100 வண்டியின் கிளட்சைச் சில ஆண்டுகளாகக் கழற்றிப் பூட்டியும் வருகிறேன். அந்த ஓசை என்ன சொல்கிறது என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயில் நனைந்தபடி இயங்குகிறது. எண்ணெய் வெப்பத்தை அகற்றுகிறது, தட்டுகளின் மோதலைத் தணிக்கிறது. கூடவே உராய்வையும் குறைக்கிறது. உலர்ந்த தட்டுகளின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.3 என்றால், எண்ணெயில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கிளட்ச் கடத்தும் முறுக்குவிசை நான்கு காரணிகளின் பெருக்கம்: உராய்வுக் குணகம், ஸ்பிரிங்குகளின் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. முதலாவது உயர்ந்தால் மற்றவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். எண்ணெயைக் கடைவதில் வீணாகும் திறனும் மிச்சம்; தேய்ந்த துகள் எஞ்சின் எண்ணெயில் கலப்பதும் இல்லை. பந்தயக் களம் உலர் கிளட்சை விரும்பியதற்கு இவையே காரணங்கள். 2019இல் வந்த பனிகாலே வி4 ஆர் அதனுடன்தான் பிறந்தது. அன்றாடச் சாலைக்கான வண்டியின் கதை வேறு. மான்ஸ்டர் வரிசையிலேயே 2011இன் 1100 ஈவோ எண்ணெய்க் கிளட்சுக்கு மாறிவிட்டது.

இனி ஓசைக்கு வருவோம். உராய்வுத் தட்டுகளின் விளிம்பில் உள்ள பற்கள், பாஸ்கெட் எனப்படும் வெளிக்கூட்டின் பள்ளங்களில் பொருந்தி நிற்கின்றன. தட்டுகள் நகர வேண்டுமாதலால் பல்லுக்கும் பள்ளத்துக்கும் இடையே சிறு இடைவெளி தேவை. லிவரைப் பிடித்ததும் தட்டுகள் அழுத்தத்திலிருந்து விடுபடுகின்றன. எஞ்சினின் ஒவ்வொரு துடிப்புக்கும் பாஸ்கெட் முன்பின்னாக அதிர, பற்கள் பள்ளத்தின் சுவர்களில் மோதுகின்றன. எண்ணெய் இருந்தால் அம்மோதலை விழுங்கியிருக்கும். இங்கே அது வெளியே கேட்கிறது. மோத மோத அலுமினியச் சுவர் குழிகிறது, பற்களின் முனை நசுங்கிப் பரக்கிறது, இடைவெளி கூடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு ஓசை கூடுவது வண்டிக்குக் குரல் வளம் பெருகுகிறது என்பதன்று. பாஸ்கெட் தேய்கிறது என்பதே பொருள்.

குழிந்த பள்ளத்தில் பல் சிக்கினால் தட்டுகள் ஒழுங்காக விலகா. நியூட்ரல் விழ மறுக்கும், கியர் மாற்றம் முரண்டுபிடிக்கும். இதைக் கண்டறிய ஆய்வகம் வேண்டாம். பள்ளத்தின் சுவரில் விரல் நகத்தை ஓட்டினால் போதும். படிக்கட்டுபோல் தட்டினால் பாஸ்கெட்டின் காலம் முடிந்துவருகிறது.

பராமரிப்பும் அப்படி ஒன்றும் மறைபொருள் அன்று. தட்டுகளை வெளியே எடுக்கும்போது அவற்றின் வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். எஃகுத் தட்டுகளில் ஒன்று சற்றே வளைந்ததாக இருக்கும். அது வளைந்து போனது என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மற்ற எஃகுத் தட்டுகளைக் கண்ணாடிப் பலகையில் வைத்துச் சமதளம் பார்க்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் அவை மிகையாகச் சூடேறியவை. தட்டுகளை அடுக்கி, அடுக்கின் மொத்த உயரத்தை வெர்னியரால் அளந்து, கையேட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். எட்டு உராய்வுத் தட்டுகள் ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. தேய்ந்தால் அடுக்கு 0.8 மி.மீ. தாழ்கிறது, ஸ்பிரிங்குகள் அந்த அளவு நீண்டு அழுத்தம் தளர்கிறது. கிளட்ச் நழுவத் தொடங்குவது இப்படித்தான். தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்குக் கண்டால் கழுவிப் பூட்டுவதோடு நிறுத்தக் கூடாது. புஷ்ராடின் ரப்பர் வளையம் கசிகிறதா என்று பார்த்த பிறகே புதுத் தட்டு. தூசியைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது. அந்தத் துகள் நேரே நுரையீரலுக்குப் போகும். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

மேம்பாடு என்று விற்கப்படுபவை எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. பன்னிரண்டு பல் பாஸ்கெட்டுக்குப் பதில் நாற்பத்தெட்டுப் பல் பாஸ்கெட் பூட்டினால் மோதும் விசை பல பற்களுக்குப் பகிரப்பட்டுத் தேய்மானம் குறையும். ஆனால் நீங்கள் விரும்பிய கலகலப்பும் அடங்கும். லிவரை மென்மையாக்கப் பெரிய ஸ்லேவ் சிலிண்டர் பூட்டுகிறார்கள். பிஸ்டன் விட்டத்தை 28 மி.மீ.இலிருந்து 30 ஆக்கினால் கைக்கு வேண்டிய விசை ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும். தட்டுகள் விலகும் தூரமும் அதே 13 விழுக்காடு குறையும். பாஸ்கெட் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இந்தச் சலுகையே தொல்லையாக மாறும். செலவில்லாத மேம்பாடு ஒன்றுதான்: சிவப்பு விளக்கில் நியூட்ரலுக்கு வந்து லிவரை விட்டுவிடுவது. சில்க் போர்டு நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்துகொண்டே இருந்தால் எந்த விலையுயர்ந்த தட்டும் நிலைக்காது.

மூடியைத் திறந்துவிடுவதும் ஒரு மேம்பாடே. காற்றோட்டம் வெப்பத்தைக் குறைக்கும், தூசி வெளியேறும். ஆனால் மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டியில் எஃகுத் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 123ஆம் விதி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பை வலியுறுத்துகிறது. பின்னால் அமர்பவரின் ஆடை சிக்கக் கூடாது என்பதே நோக்கம். அந்த விதிக்குப் பின்னால் நம் ஊரின் புடவையும் துப்பட்டாவும் இருக்கின்றன. டுகாட்டியின் உலர் கிளட்சோ எஞ்சினின் வலப்புறம், ஓட்டுநரின் காலுக்கு அருகில் சுழல்கிறது. பின்சக்கரக் காப்பு அங்கே எட்டாது.

நண்பருக்கு மூடியே வேண்டாம் என்று ஆசை. அவருடைய மகள் அந்த வண்டியின் பின்னால் அமர்ந்துதான் கல்லூரிக்குப் போகிறாள். காற்றோட்டத்தின் பயனை நானே அவருக்குக் கணக்கிட்டுக் காட்டியிருந்தேன். ஆனால் துப்பட்டாவின் நீளம் எந்தச் சமன்பாட்டிலும் வராது. ஜே.சி. ரோட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் தமிழ் அண்ணன்தான் வழி சொன்னார்: “காத்து போறதுக்கு வழி விடுங்க தம்பி, துணி போறதுக்கு விடாதீங்க.” அதன்படி பாஸ்கெட்டின் வெளிவிளிம்பு முழுவதும் மறையும்படியும், முகப்பில் விரல் நுழையாத குறுகிய பிளவுகள் மட்டும் இருக்கும்படியும் ஒரு மூடியை அவரே கடைந்து கொடுத்தார். தட்டுகள் இப்போதும் தெரிகின்றன, ஓசையும் கேட்கிறது.

திறந்த கிளட்ச் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவே. இந்த வாரம் வண்டியை அணைத்து, ஆறவிட்டு, அந்தப் பள்ளங்களில் ஒருமுறை நகத்தை ஓட்டிப் பாருங்கள். அடுத்து வண்டியின் வலப்புறம் போய் நின்று, உங்கள் பின்னால் அமர்பவரின் ஆடை எதுவரை தொங்கும் என்று பாருங்கள்.