சிப்பாய் இல்லாத ஊரடங்கு

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு ஊரடங்கு புதிதல்ல. சந்தியில் சென்றிக்கு நிற்கும் ஆமி, வானொலியில் அறிவிப்பு, படலையைச் சாத்திவிட்டு விறாந்தையில் குந்தியிருக்கும் பெரியவர்கள். மீறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. ஊரடங்கைப் போட்டவன் அதைத் தானும் கடைப்பிடிக்கிறானா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதுமில்லை.

2020 மார்ச் 23 இரவு அன்றைய பிரதமர் போரிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றி எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னபோது, லண்டனில் நாங்கள் கண்டது வேறொரு ஊரடங்கு. சந்தியில் சிப்பாய் இல்லை. பொலிஸ் அபராதம் எழுதலாம். ஆனால் ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட சனத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்க எந்த நாட்டுப் பொலிசாலும் முடியாது. அதைக் காத்து நின்றது ஒரு நம்பிக்கைதான்: சொல்கிறவரும் இந்நேரம் தன் வீட்டுக்குள் இருக்கிறார் என்ற நம்பிக்கை.

எங்கள் ஆட்களில் பலருக்கு வீட்டில் இருக்கும் வசதி இருக்கவில்லை. பஸ் ஓட்டினார்கள், பெற்றோல் நிலையத்தில் நின்றார்கள், மருத்துவமனை வார்டுகளில் இரவு வேலை செய்தார்கள். அவர்கள் மனதார விட்டுக்கொடுத்தது செத்தவீட்டை. தமிழன் கலியாணத்துக்குப் போகாமல் விட்டாலும் செத்தவீட்டுக்குப் போகாமல் விடமாட்டான். அந்த ஏப்ரலில் வெம்பிளிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாஸ்ரர் கொரோனாவில் மறைந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. வாய்க்கரிசி இல்லை, பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இல்லை. கிரெமற்றோரியத்தில் தள்ளித்தள்ளிப் போட்ட கதிரைகளில் நாலைந்து பேர். மற்ற எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்த்தோம். அந்தியேட்டியும் ஸூமில்தான் நடந்தது. கடை வைத்திருக்கும் அவருடைய மகன் ஒரு விதியையும் மீறவில்லை. ஒரு மாமியைக்கூடக் கூடுதலாக உள்ளே விடவில்லை. அந்த மாமி அவரோடு கதைக்க அதன்பின் நெடுநாள் எடுத்தது.

சொன்னவர்கள் ஒவ்வொருவராக அகப்படத் தொடங்கியதும் அந்த ஏப்ரலில்தான். ஸ்கொட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கதரின் கால்டர்வுட், வெளியே போகாதீர்கள் என்று விளம்பரங்களில் கேட்டுக்கொண்டவர். இரண்டு வார இறுதிகளில் ஃபைஃப் கடற்கரையிலுள்ள தன் இரண்டாவது வீட்டுக்குப் போனது படங்களோடு வெளிவர, ஏப்ரல் 5 அன்றே பதவி விலகினார். ஊரை முடக்காவிட்டால் சாவு இலட்சக்கணக்கில் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் நீல் ஃபெர்குசன், தன் வீட்டுக்கு ஒரு பெண் வந்துபோனது தெரியவந்ததும் மே 5 அன்று அரசின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். அவருடைய நடத்தை பற்றிப் பேச வார்த்தையில்லை என்ற சுகாதார அமைச்சர் மட் ஹன்கொக், அடுத்த ஆண்டு ஜூனில், தன் அலுவலக அறையில் ஆலோசகர் ஒருவரைக் கட்டியணைத்த கமராப் படத்தால் பதவி இழந்தார்.

இவர்களைப் பார்த்துச் சிரித்தோம், திட்டினோம். ஆனால் விதிக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்னவர் கடற்கரைக்குப் போனதால் வைரஸ் பரவும் விதம் மாறிவிடாது. கால்டர்வுட் சொன்ன புத்திமதி அவர் விலகிய பிறகும் சரியான புத்திமதியாகவே இருந்தது. அவர் விலகியதால் விதி இன்னும் பலமானது என்றுகூடச் சொல்லலாம்.

வேறு மாதிரி நடந்துகொண்டவர் பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கமிங்ஸ். நோயுற்ற மனைவியோடும் நாலு வயது மகனோடும் லண்டனிலிருந்து ஏறத்தாழ 260 மைல் காரோட்டி டரம் பகுதியிலுள்ள பெற்றோரின் பண்ணைக்குப் போனார். ஏப்ரல் 12 அன்று பார்னார்ட் காசில் என்ற ஊருக்கு இன்னொரு ஓட்டம். மே 25 அன்று டவுனிங் தெருவின் ரோசாத் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, லண்டனுக்குத் திரும்ப முன் தன் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஓட்டம் என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை, விலகவுமில்லை. எந்தத் தகப்பனும் செய்யக்கூடியதையே அவர் செய்தார் என்று பிரதமர் முதல்நாளே சொல்லியிருந்தார்.

அடுத்தநாள் பால் வாங்கக் கடைக்குப் போனபோது மாஸ்ரரின் மகன் கேட்டார்: “அண்ணை, அப்ப நாங்கள்தான் பேயன்களோ?”

கோபம் ஒரு கார்ப் பயணத்தைப் பற்றியதல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எந்தத் தகப்பனும் அப்படித்தான் செய்வான் என்றால், செய்யாத தகப்பன் யார்? தகப்பனின் பெட்டியைத் திறக்காமல் எரித்த மகன் யார்? அந்த ஒரு வாக்கியம், விதியைக் காத்தவர்களைப் பாசம் குறைந்தவர்களாகவும் சாமர்த்தியம் இல்லாதவர்களாகவும் ஆக்கிவிட்டது. குற்றத்தைவிட அதற்குச் சொன்ன நியாயம் கொடியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த நாட்களில் பொதுமக்களின் கருத்தைத் தொடர்ந்து திரட்டிவந்தார்கள். கமிங்ஸ் விவகாரத்தோடு இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரிந்தது. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் அப்படிச் சரியவில்லை.

டவுனிங் தெரு விருந்துகளின் கதை பின்னால் வந்தது. அதே தோட்டத்தில் 2020 மே 20 அன்று, குடிவகையை அவரவரே கொண்டுவரும்படி நூறு பேருக்கு மேல் அழைத்திருந்தார்கள். 2021 ஏப்ரல் 16 இரவு அங்கே கொண்டாட்டம். மறுநாள் விண்ட்சரில் தன் கணவரின் இறுதி வழிபாட்டில் அரசியார் தனியே உட்கார்ந்திருந்தார். முடி சூடியவருக்கும் செத்தவீட்டில் முப்பது பேர்தான். எங்கள் மாமிகள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். விதியைக் காத்தவர்கள் பட்டியலில் அரசியும் மாஸ்ரரின் மகனும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

பொலிஸ் விசாரித்து 83 பேருக்கு 126 அபராதங்கள் எழுதியது. அவர்களில் ஜோன்சனும் ஒருவர். பதவியில் இருக்கையிலேயே சட்டத்தை மீறியதற்குத் தண்டம் கட்டிய முதல் பிரித்தானியப் பிரதமர் அவர். தொகை பெரிதல்ல. ஆனால் துவக்கு வைத்திருந்தவனின் ஊரடங்கில் வளர்ந்த எனக்கு அந்த ரசீது சின்னதாகத் தெரியவில்லை. ஒரு நாடு முழுக்க ‘நீயும்தானே’ என்று மேலிடத்தைப் பார்த்துக் கேட்டதே, அந்தக் கோபத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. விதி தனக்கும் தலைவனுக்கும் பொது என்று நம்புகிறவனால்தான் அப்படிக் கோபப்பட முடியும்.

சொல்வதும் செய்வதும் எல்லோருக்கும் எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. எங்கள் தமிழ் விழாக்களிலும் மேடையில் தாய்மொழி பற்றி முழங்கிவிட்டு, கீழே இறங்கிப் பிள்ளையோடு ஆங்கிலத்தில் கதைக்கிறவர்கள் உண்டு. அதற்காக மேடையில் சொன்னது பொய்யாகிவிடாது. அவர்களிடம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அகப்பட்ட பிறகு தாங்கள் இறங்குகிறார்களா, விதியை இறக்குகிறார்களா? முதலாமவரை மன்னிக்கலாம். இரண்டாமவர் தன்னைக் காப்பாற்ற மற்ற எல்லோரையும் பேயர்களாக்குகிறார். மாஸ்ரரின் மகன் பேயனல்ல. அந்த வசந்தத்தில் இந்த நாட்டை ஆண்டது அவரைப் போன்றவர்கள்தான்.