பீச்சிலிருந்து பரங்கிமலைக்கு

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பரங்கிமலைக்கு இரண்டு இருப்புப்பாதைகள். ஒன்று, 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயிலைப் பார்த்துவிட்ட பழைய பாதை. எழும்பூர், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி என்று தெற்கே இறங்கும். இன்னொன்று கூவத்தை ஒட்டி வளைந்து, பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேறி, அடையாற்றைத் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமாகத் திரும்பி, வேளச்சேரி வழியாக அதே பரங்கிமலையில் சேர வேண்டிய பாதை. ஊர் அதைப் பறக்கும் ரயில் என்று அழைக்கிறது. பெருகிவரும் ஒரு மாநகரத்தின் உள்ளே புதிய ரயில் பாதை போடுவது என்றால் என்ன, அதில் எது கூடிவரும், எது கோட்டைவிடப்படும் என்று அறிய விரும்புகிறவர்கள் இந்தப் பாதையில் ஒருமுறை முழுக்கப் போய்வர வேண்டும்.

பீச், கோட்டை, பூங்கா நகர் வரை வண்டி தரையிலேயே ஓடுகிறது. இந்த நெரிசலான பகுதியில் இன்னொரு தண்டவாளத்துக்கு இடம் தேடுவது எத்தனை கடினம் என்பது அண்மையில் தெரிந்தது. பீச்சுக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை வேளச்சேரி வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டன. நாலு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு பாதைக்குப் பதினான்கு மாதங்கள். பறக்கும் ரயிலில் வந்து சென்ட்ரலில் வெளியூர் வண்டி பிடிப்பவர்கள், பெட்டியும் பையுமாகச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ஆட்டோ தேடினார்கள்.

பூங்கா நகரைத் தாண்டியதும் பாதை தூண்மேல் ஏறுகிறது. சிந்தாதிரிப்பேட்டைக்கு அப்புறம் சேப்பாக்கம். கிரிக்கெட் மைதானத்தின் தோளோடு தோளாக நிற்கும் ஸ்டேஷன். 1995 நவம்பர் 1 அன்று முதல் வண்டி இதுவரைதான் வந்தது. மைலாப்பூருக்கு, அதாவது திருமயிலை ஸ்டேஷனுக்கு, 1997இல் வந்தது. திருவான்மியூருக்கு 2004இல். வேளச்சேரிக்கு 2007இல். ஏறத்தாழ 19 கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்.

திட்டத்தின் வேர் இன்னும் பழையது. பெருநகரங்களின் போக்குவரத்தை ஆராயத் திட்டக்குழு 1965இல் ஒரு குழு அமைத்தது. அக்காலத்து ஆய்வுகளிலிருந்தே சென்னைக்குத் தனி விரைவு ரயில் வேண்டும் என்ற பேச்சு எழுந்துவிட்டது. ஒப்புதல் கிடைத்தது 1983–84இல். ஒரு குழந்தை பிறந்து படித்து முடித்து வேலைக்குப் போகும் காலம் முழுவதும் காகிதத்திலேயே போயிற்று. அந்த இடைவெளியில் ஊர் காத்திருக்கவில்லை. அடையாறும் திருவான்மியூரும் வேளச்சேரியும் தம்பாட்டில் வளர்ந்தன. பேருந்தும் இருசக்கர வண்டியும் அவற்றின் வழக்கமாயின. பாதை வந்தபோது, அது ஏற்கெனவே பழகிப்போன ஒரு நடமாட்டத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது.

சேப்பாக்கத்திலிருந்து ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் கருத்த தண்ணீர் தெரியும். இந்தப் பாதை ஏன் இந்த வழியாகப் போகிறது என்பதற்கு அந்தத் தண்ணீர்தான் விடை. நகருக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான எட்டு கிலோமீட்டரோ தாது வருஷப் பஞ்சத்தில், 1877–78இல், கஞ்சிக்கும் கூலிக்கும் மண் சுமந்த ஏழைகள் வெட்டியது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வெட்டியவர்கள் ஒருவரின் பெயரும் எங்கும் இல்லை. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடிய கால்வாய், இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சாக்கடையாகிவிட்டது. ரயில் திட்டம் தீட்டியவர்களுக்கு அது கைக்கெட்டிய நிலம். அரசுக்குச் சொந்தம், வடக்கு தெற்காக நேரே ஓடுகிறது, பட்டாதாரர்களோடு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தூண்களைக் கால்வாயிலேயே இறக்கிவிட்டார்கள்.

இந்த முடிவை முழுக்கப் பழிக்க எனக்கு மனமில்லை. மைலாப்பூரின் தெருக்களை இடித்துப் பாதை போட்டிருக்க முடியாது. சுரங்கம் தோண்ட அன்று பணமும் இல்லை. ஆனால் விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கால்வாய் குறுகியது, மழைநீர் வடிய வேண்டிய வழியில் கான்கிரீட் நிற்கிறது. கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் பலர் பட்டா இல்லாதவர்கள் என்பதால் எளிதாக அகற்றப்பட்டார்கள். நீர்நிலைக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போயின. வேலை மைலாப்பூரிலும் மந்தைவெளியிலும், வீடு பல மைல் தெற்கே. அவர்களைப் பெயர்த்துவிட்டுப் போட்ட ரயில் அவர்களின் புதிய வாசலுக்குப் போகவில்லை. நிலம் கையகப்படுத்தத் தேவையில்லை என்று கோப்பில் எழுதும்போது இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோயில். கடைசியாகச் சொன்ன ஸ்டேஷன், தண்டவாளம் போட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 2014இல்தான் திறந்தது. அதுவரை கோயிலுக்குப் போகிறவர்கள் தலைக்குமேல் வண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

திருமயிலையில் இறங்கி நிற்க வேண்டும். பாதையின் பலமும் பலவீனமும் இங்கே ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. நடைமேடையிலிருந்து கீழே வர அடுக்கடுக்காகப் படிகள். இடையில் பரந்த தளங்கள். கடைகளும் அலுவலகங்களும் வாடகைக்கு வந்து திட்டச் செலவில் ஒரு பங்கை ஈட்டித் தரும் என்று கட்டியவை. பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது. தூணுக்குத் தூண் புறா எச்சம், சுவரில் வெற்றிலைக் கறை, ஒரு குழல்விளக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இருட்டு. இரவில் தனியாக வரும் பெண்கள் இந்தத் தளங்களைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவதைக் கவனித்தால், இந்த ரயிலில் ஏன் கூட்டம் சேரவில்லை என்பதற்கு வேறு ஆய்வறிக்கை தேவைப்படாது. கட்டடத்தின் பரப்பு கூடக் கூட அதைக் காக்க ஆட்களும் வெளிச்சமும் கூட வேண்டும்.

ஒரு மாலை, இரண்டு கட்டைப்பைகளோடு வண்டியைவிட்டு இறங்கிய ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: “ஏம்பா, குளத்துக்குப் போகணும். எந்தப் பக்கம் இறங்கறது?”

“இப்படியே கீழ வாங்கம்மா. ரோட்டுக்குப் போய்ட்டா யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“ரோடு எனக்குத் தெரியும்பா. இந்த ஸ்டேஷன்லதான் திக்கு தெரியல.”

கபாலி கோயில் குளம் அந்த ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். மைலாப்பூரில் வாழ்நாளைக் கழித்தவருக்கே வழி புரியாதபடி ஒரு நிலையம் எழும்பியிருக்கிறது. வரைபடத்தில் ரயில் பாதையைக் கோடாக இழுக்கிறார்கள், நிலையத்தைப் புள்ளியாக வைக்கிறார்கள். பயணம் அந்தப் புள்ளியில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்கி, தெருவைக் கடந்து, படியேறி, இறங்கி, பேருந்து நிறுத்தம் வரை நடந்து முடிகிறது. அந்த நடையைத்தான் முதலில் வரைய வேண்டும். பறக்கும் ரயிலில் அதை வரையவே இல்லை. வண்டியில் ஆள் குறைவு என்றார்கள். ஆள் குறைவு என்பதால் வண்டிகளின் எண்ணிக்கை கூடவில்லை. அடுத்த வண்டிக்கு இருபது நிமிடம் என்றால், எதிரே வரும் பேருந்தில் ஏறிவிடுவார்கள்.

இப்போது திருமயிலையின் அடியில் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக ஆழத் தோண்டுகிறார்கள். மாதவரம்–சிப்காட் வழித்தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடமும் சந்திக்கும் இடம் அது. மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம். சிப்காட் வழித்தடம் இங்கிருந்து எப்படிப் போகிறது என்று பாருங்கள்: மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு சந்திப்பு, இந்திரா நகர், திருவான்மியூர். பறக்கும் ரயில் போகும் திசைதான், சில ஊர்ப்பெயர்களும் அவையேதான். ஆனால் கால்வாயை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அடியில் போகிறது. கால்வாய் வழியில் மிச்சம் பிடித்ததை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பல மடங்காகச் செலவிடுகிறோம்.

மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை தாண்டி அடையாறு. மழைக்காலத்தில் இந்தப் பாலத்தின்மேல் வண்டி போகும்போது கதவோரம் நிற்பவர்கள் எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தி ஆற்றைப் பார்ப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. பிறகு கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர்.

திருவான்மியூரில் கதை மாறுகிறது. டைடல் பார்க் 2000ஆம் ஆண்டில் திறந்தது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் முளைத்தன. திட்டம் தீட்டிய நாளில் யாருடைய கணக்கிலும் இல்லாத கூட்டம் இது. காலை ஒன்பது மணிக்கு இங்கே இறங்குகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு படிகளில் வழிகிறார்கள். வாசலிலேயே ஷேர் ஆட்டோக்கள், “எஸ்.ஆர்.பி., கந்தன்சாவடி, துரைப்பாக்கம்” என்று கூவுகின்றன. எந்தத் திட்ட அலுவலகமும் போட்டுத் தராத இணைப்பை ஆட்டோக்காரர்கள் போட்டுக் கொடுத்தார்கள். இணைப்பு இருந்தால் இந்த ரயிலுக்கு ஆள் வரும் என்பதற்குத் திருவான்மியூர் வாசலைவிடப் பெரிய சாட்சி இல்லை.

தரமணி தாண்டிப் பெருங்குடி. ஒரு பக்கம் கட்டடங்கள், மறு பக்கம் பள்ளிக்கரணையின் நாணலும் நீரும். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு. மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் சிறு பங்கு. ரயில் வந்தால் மனை விலை ஏறும், மனை விலை ஏறினால் ஏரி குறையும். வேளச்சேரி இதை மழைதோறும் அனுபவிக்கிறது. 2023 மிக்ஜாம் புயலின்போது தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் நின்றது. புதிய பாதைக்குத் திட்டம் போடும்போதே அதைச் சுற்றி எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று கோடு போட வேண்டும். பாதை போடும் துறை வேறு, மனைக்கு அனுமதி தரும் துறை வேறு என்று இருந்ததால் அது நடக்கவில்லை.

வேளச்சேரிக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர்: புழுதிவாக்கம், ஆதம்பாக்கம், பரங்கிமலை. வேலை 2008இல் தொடங்கியது. தூண்கள் எழுந்தன, மேலே பாலமும் வந்தது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் மட்டும் நின்றுபோயிற்று. வீட்டையும் மனையையும் இழப்பவர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. கேட்ட உடனே பேசி முடிக்காததுதான் தவறு. வேலை மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, 2024 ஜனவரியில் ஆதம்பாக்கம் பக்கம் பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஐந்து கிலோமீட்டர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். மெட்ரோ 2016இலேயே பரங்கிமலைக்கு வந்து காத்திருந்தது.

இந்த ஐந்து கிலோமீட்டர் இல்லாதபோது, தாம்பரத்திலிருந்து தரமணிக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர் கிண்டியில் இறங்கிப் பேருந்துக்கு நின்றார். பரங்கிமலையில் மூன்று ரயில்களும் கைகோக்கும்போது அவருக்குத் தினமும் மிச்சமாகும் நேரத்துக்காகத்தான் இந்த வளையமே வரையப்பட்டது. பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க 2025இல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் இசைந்திருக்கிறது. விளக்கும் மின்படியும் காவலும் வரும் என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வண்டியில் இன்றைக்கும் 5 ரூபாய்க்கு டிக்கெட் உண்டு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும், மைலாப்பூர் மார்க்கெட்டிலிருந்து காய்கறிக் கூடையோடு திரும்புகிறவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் அந்த 5 ரூபாயை நம்பித்தான் படியேறுகிறார்கள். நிர்வாகம் கைமாறும் ஒப்பந்தத்தில் அந்தக் கட்டணத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.