கூலி கை சேரும்வரை

வேலையை காண்டிராக்ட் விட்டாயிற்று, இனி எல்லாம் காண்டிராக்டர் பாடு என்று பேசுகிறோம். தடாவில் நெடுஞ்சாலையோரம் விடிகாலையில் தூக்குவாளியோடு வண்டிக்கு நிற்பவர்களிடம் "யார்கிட்ட வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். மேஸ்திரி பெயரைத்தான் சொல்வார்கள். போடுகிற ரோடு எந்த இலாகாவுடையது என்பது பலருக்குத் தெரியாது.

இந்த 'அவர் பாடு' பேச்சு ஒருமுறை உச்ச நீதிமன்றம்வரை போனது. 1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக மேம்பாலங்களும் அரங்குகளும் அவசரமாக எழும்பின. ஆட்களைக் கூட்டிவந்தவர்கள், நம் மேஸ்திரிகளைப் போன்ற ஜமேதார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர் அதை ஜமேதாரிடம் கொடுப்பார். அவர் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். பத்து நாள் மண் சுமந்தால் ஒரு நாள் கூலிக்கு மேல் அவருக்கே போய்விடும். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கிடைக்கிறது என்றும் புகார் எழுந்தது.

மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் இதை நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதமாக எழுதியது. உச்ச நீதிமன்றம் கடிதத்தையே மனுவாக ஏற்றது. 'இவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள்' என்ற அரசுத் தரப்பு வாதம் எடுபடவில்லை. வேலை அரசுடையது, சட்டப்படியான கூலி தொழிலாளியின் கைக்கு நேராகப் போகிறதா என்று பார்ப்பதும் அரசின் கடமை என்று அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றும் நீதிமன்றம் சொன்னது. வயிற்றுக்கில்லாமல் ஒத்துக்கொண்டவன் விரும்பி ஒத்துக்கொண்டவன் ஆகமாட்டான்.

'தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா' என்று நாம்தான் ஜமேதாருக்கு நியாயம் பேசுகிறோம். தேன் யாருடையது என்று கேட்பதில்லை.

அந்தத் தீர்ப்புக்கு முன்பே 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கூலிப் பட்டுவாடாவின்போது வேலை கொடுத்த நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றது. காண்டிராக்டர் கொடுக்கத் தவறினால் நிறுவனமே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் இது நல்ல பாடம். வீடு கட்டுகிறீர்களா, கல்யாணச் சமையலை ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்களா? பணத்தை எண்ணிக் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். சித்தாளிடமும் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடமும் "உங்கள் கூலி வந்ததா?" என்று நீங்களே கேளுங்கள். வரவில்லை என்றால் அது உங்கள் கடன்.